குளத்தில் ரத்தம், பிணம் எங்கே?

ஒரு குளம் சிவந்துவிட்டது என்றால் ஊரில் முதலில் பிணத்தைத்தான் தேடுவார்கள். புளியங்கட்டளையிலும் அதைத்தான் செய்தார்கள். குடவாசலிலிருந்து வந்த போலீஸ்காரர்கள் இரண்டு பேர் கீழத்தெருக் குளத்தில் காலையெல்லாம் வலை போட்டு இழுத்தார்கள். ஒரு பித்தளைச் செம்பும், ஒரு சைக்கிள் பெடலும், நல்ல கொழுத்த விரால் மீன்கள் சிலவும் அகப்பட்டன. செம்பை அதற்கு உரியவளிடம் கொடுத்தார்கள். விராலுக்கு உரியவர் என்று யாரும் முன்வராததால் சட்டப்படி அதைத் தாங்களே எடுத்துக்கொண்டு போனார்கள்.

போலீஸ் போன தடம் காய்வதற்குள் துப்பறியும் ஆனந்தவல்லி வந்து இறங்கினாள். கும்பகோணம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருடம் ஊரார் ரகசியத்தையெல்லாம் காதில் வாங்கியவள். இதைப் பேசாமல் தொழிலாகவே செய்யலாமே என்று வேலையை விட்டுவிட்டு மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் போர்டு மாட்டியிருந்தாள். ஸ்கூட்டரை ஓட்டி வந்தவன் அவளுடைய உதவியாளன் மீரா சாகிப். நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டியவன். கம்பெனி கலைந்துவிட்டது, அவன் வாய் மட்டும் கலையவில்லை.

அவர்களை வரவழைத்தவர் அமிர்தலிங்கம். ரைஸ் மில் முதலாளி, ஒன்றியப் பகுத்தறிவு மன்றத் தலைவர், கட்சிக்காரர். எந்தக் கட்சி என்று கேட்டால் கோட்டையில் இப்போது யார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவருடைய ஆபீஸ் சுவரில் தலைவர் படம் மூன்று முறை மாறியிருக்கிறது. ஆணி மட்டும் அதே ஆணிதான்.

"கீழத்தெருக்காரனுங்க ஆட்டையோ மாட்டையோ அறுத்துக் குளத்துல கழுவியிருக்கானுங்க. போலீசுக்குக் கண்ணு தெரியல. நீங்க கண்டுபிடிச்சு, சாயங்காலம் ஹெல்த் ஆபீசர் வர்றாரு, அவருகிட்ட நாலு பேரு முன்னால சொல்லணும்" என்றார் அமிர்தலிங்கம்.

"சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள் ஆனந்தவல்லி.

"குடிக்க லாயக்கில்லாத குளம்னு எழுதிடுவாரு. அப்புறம் பஞ்சாயத்து அதை மீன் பாசி குத்தகைக்கு விட்டுடும்."

"குத்தகைக்கு எடுக்கப் போறது யாரு?"

அமிர்தலிங்கம் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார். "யாராவது எடுப்பாங்க."

"அந்த யாராவதுதான் மேடம் இப்ப நமக்கு காபி சொன்னாரு" என்று மீரா சாகிப் அவள் காதோரம் முணுமுணுத்தான்.

இந்தக் குளத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கீழத்தெருக்காரர்கள் ஒரு காலத்தில் அமிர்தலிங்கத்தின் அப்பாவுடைய பண்ணையில் ஆளாக உழைத்தவர்கள். நில உச்சவரம்பு வந்தது, கூலிப் போராட்டம் வந்தது, கோர்ட்டு வந்தது. சில பேருக்கு உபரி நிலத்தில் பட்டா கிடைத்தது. அந்த இழுபறியில் குளம் எங்கள் பட்டாவில் இருக்கிறது என்று பண்ணையும், இல்லை புறம்போக்கு என்று தெருவும் மோதிக்கொண்டு, கடைசியில் புறம்போக்கு என்று தீர்ப்பானது. அமிர்தலிங்கம் விடவில்லை, மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். தெரு அதற்காகக் காத்திருக்கவில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு இறங்கித் தூர் வாரினார்கள், கரை கட்டினார்கள், கமிட்டி வைத்தார்கள். சோப்பு போடக்கூடாது, மாடு இறக்கக்கூடாது, குடிக்கவும் சமைக்கவும் குடத்தில் மொண்டுபோய்க் குளிக்கவும் மட்டும்தான் தண்ணீர். ஊரிலேயே தெளிவான தண்ணீர் அதுதான் என்று மேலத்தெருக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள், மெதுவான குரலில்.

பிறகு மில்லில் நெல் அவிக்கிற தொட்டிகள் வந்தன. அவிப்பதற்கு முன் நெல்லை ஊறப்போடும் தண்ணீர் இருக்கிறதே, ஊறல் தண்ணீர், அது ஒரு நாள் தேங்கினால் போதும், தெருவே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம்தான் குளத்துத் தண்ணீரில் ஒரு நாற்றம், குளித்துத் துடைத்தால் உடம்பில் அரிப்பு. கமிட்டி மனுக் கொடுத்தது. அதிகாரி வந்தார். "எங்க ஊறல் தண்ணி எங்க காம்பவுண்டுக் குழியை விட்டு வெளியில போறதே இல்லீங்க" என்று அமிர்தலிங்கம் தென்னந்தோப்பில் ஒரு குழியைக் காட்டினார். அதிகாரி குழியைப் பார்த்தார், இளநீர் குடித்தார், போய்விட்டார். அதற்கு அடுத்த மாதம்தான் குளம் சிவந்தது.

"மில்லைச் சுத்திப் பார்க்கலாமா?" என்று ஆனந்தவல்லி எழுந்தாள்.

தொட்டிகளின் விளிம்பில் மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. மீரா சாகிப் நின்றுவிட்டான்.

"பகுத்தறிவு மன்றத்துத் தொட்டி பூவும் பொட்டுமா மங்களகரமா இருக்குங்களே!"

அமிர்தலிங்கத்தின் முகம் ஒரு மாதிரியானது. "அதெல்லாம் வேலை செய்யற பொம்பளைங்க செஞ்சது. புது நெல்லு அவிக்க ஆரம்பிக்கும்போது தொட்டிப் பூசைன்னு ஒண்ணு பண்ணுவாளுங்க. எனக்கு அதுல நம்பிக்கையே கிடையாது. வாங்க, சாப்பிடலாம்."

சாப்பாடு வீட்டில். அமிர்தலிங்கத்தின் மனைவி பிரகதாம்பாள் இலை போட்டுச் சோறு வைத்தாள். இன்னும் எதுவும் ஊற்றவில்லை. வெறும் சோறு இலையில் இளமஞ்சளாக இருந்தது.

"புது நெல்லு, நேத்துதான் அரைச்சது. இந்தத் தடவை என்னவோ மஞ்சப் பூத்தாப்ல வந்திருக்கு" என்றாள் அவள், சமாதானம் சொல்கிற மாதிரி.

"மஞ்சப் பூத்ததா? இந்தச் சோத்துக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சுங்க. நலங்கு வெச்சு அனுப்பியிருக்காங்க" என்றான் மீரா சாகிப்.

பிரகதாம்பாள் சிரித்துவிட்டு, கணவரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். ஆனந்தவல்லி சிரிக்கவில்லை. சாம்பார் வருவதற்குள் ஒரு பிடி வெறும் சோற்றை எடுத்து, இலையின் நுனியைக் கிழித்து அதில் மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மேடம், வீட்டுல உலை வைக்கலேன்னா சொல்லியிருக்கலாம்ல?" என்றான் மீரா சாகிப் வெளியே வந்ததும்.

"பேசாம நடய்யா. உன் வெத்தலைப் பொட்டில சுண்ணாம்பு இருக்கா?"

"சுண்ணாம்பு இல்லாத நாள் நான் மவுத்தாகற நாள்."

குளக்கரையில் ஒரு பெண் இடுப்பில் கையை வைத்து நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். குளக் கமிட்டித் தலைவி அம்சம், அமிர்தலிங்கத்தின் மில்லில் களத்து வேலைக்குப் போகிறவள்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

"இது என்ன கோயிலா?" என்று கேட்டான் மீரா சாகிப்.

"கோயில் குளத்துத் தண்ணியைக் குடிக்கிறவங்க யாரும் இல்ல பாய். இதைக் குடிக்கிறோம்."

இருவரும் கழற்றினார்கள். ஆனந்தவல்லி சுற்றிலும் பார்த்தாள். குளம் முழுக்கச் சிவக்கவில்லை. மில் பக்கத்து மேற்கு மூலை மட்டும்தான் ரத்தக்கலங்கலாக இருந்தது. அந்த மூலையில் கரையோரமாகச் சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று கொட்டிக் கிடந்தது.

"எந்த ஆட்டை அறுத்தீங்க?" என்று கேட்டாள்.

"எங்க தெருவுல ஆடு அறுத்தா வாசனை உங்களுக்குக் கும்பகோணத்துக்கே வந்திருக்கும். அந்த அளவுக்கு மசாலா போடுவோம்" என்றாள் அம்சம். பிறகு அவள் குரல் மாறியது. "தமாசு இருக்கட்டும்மா. நீங்க அவரு சொன்னதையே ஆபீசர்கிட்டச் சொன்னா குளத்தைப் பூட்டிடுவாங்க. மேட்டூரை மூடியாச்சு, ஆத்துல மணலு தெரியுது. புதுத்தண்ணி வர்ற வரைக்கும் எங்களுக்கு இதுதான். அடிபம்புல வர்றது துரு. இதுவும் போனா குடத்தைத் தூக்கிக்கிட்டு மேலத்தெரு கெணத்தடியில போயி, யாராவது ஊத்துவாங்களான்னு கைகட்டி நிக்கணும். எங்கம்மா நின்னா. நான் நிக்க மாட்டேன்."

ஆனந்தவல்லி சுண்ணாம்பைக் காட்டினாள்.

"இது யாரு போட்டது?"

"நாங்கதான். தண்ணி தெளியறதுக்கு மாசி பொறந்தா வருசா வருசம் போடுவோம்."

"குளம் பூராவும் போடுவீங்களா, இந்த மூலையில மட்டுமா?"

"பூராவும்தான். இந்த வருசம் இந்த மூலையிலேருந்து ஆரம்பிச்சோம்." பச்சைப் பிள்ளை முகத்தோடு சொன்னாள் அம்சம்.

ஆனந்தவல்லி கைப்பையைத் திறந்து இலையைப் பிரித்தாள். மீரா சாகிப்பின் பெட்டியிலிருந்து விரல்நுனியில் சுண்ணாம்பை எடுத்து, சோற்றில் வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். இளமஞ்சளாக இருந்த சோறு மெல்ல மெல்லச் சிவந்தது.

"மேடம், சோறு வெக்கப்படுது!"

"ஆரத்தி கரைச்சா எப்படிய்யா செவக்குது? மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு. ஒவ்வொரு கல்யாணத்துலயும் பார்த்துட்டுக் குளத்துல கண்டதும் ரத்தம்ங்கிறாங்க பாரு. மில்லுத் தொட்டியில யாரோ மஞ்சளைக் கரைச்சிருக்காங்க. அந்த மஞ்சள் அவரு சோத்துல ஏறியிருக்கு. ஊறல் தண்ணியோட இந்த மூலைக்கும் வந்திருக்கு. இங்க சுண்ணாம்பு தயாரா காத்துக்கிட்டிருந்திருக்கு." அவள் அம்சத்தின் பக்கம் திரும்பினாள். "தொட்டிப் பூசைக்கு மஞ்சள் நீங்க கொண்டு போனதா?"

"நல்லாக் கேட்டீங்க! கூலிக்கு நிக்கிறவங்க நாங்க. ஒரு மூட்டை மஞ்சளுக்கு எங்க போவோம்?"

"நான் மூட்டைன்னு சொல்லவே இல்லையே."

அம்சம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் குடம் விளக்குவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்த, மில்லில் அவளோடு வேலை பார்க்கிற ரெங்கம்மாளும் தங்கம்மாளும் முதுகு குலுங்கச் சிரித்தார்கள். ஆனந்தவல்லி அம்சத்தைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்திலும் அதே சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சிரிக்கிற நேரமா மேடம் இது?" என்றான் மீரா சாகிப். "மஞ்சள்னு சொன்னா, இவங்களே கொண்டாந்து குளத்துல கொட்டிட்டாங்கன்னு அவரு சொல்வாரு. தண்ணியைக் கெடுத்தது கமிட்டியேன்னு ஆபீசர் எழுதுவாரு. குளம் பூட்டுனது பூட்டுனதுதான்."

"ஆமா. மில்லிலேருந்து இங்க வர்ற குழாயைக் காட்டினாத்தான் உண்டு. அது எங்க பொதைஞ்சிருக்குன்னு அவருக்குத்தான் தெரியும்."

"கேட்டா சொல்லிடுவாரா?"

"கேட்டா சொல்ல மாட்டாரு. இருபது வருஷம் லைன்ல கேட்டிருக்கேன்யா. கேள்வி கேட்டா மனுஷன் பொய்தான் சொல்லுவான். செய்யாத தப்பைத் தூக்கித் தலையில போடு, செஞ்ச தப்பைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பான்."

சாயங்காலம் ஜீப் வந்தது. அன்றைக்குக் குழியைப் பார்த்து இளநீர் குடித்துவிட்டுப் போன அதே ஹெல்த் ஆபீசர் நடராசன் மூக்கில் கைக்குட்டையோடு இறங்கினார். அமிர்தலிங்கம் கரைவேட்டியும் பின்னால் மன்றத்துத் தொண்டர்களுமாக வந்தார். கீழத்தெரு முழுக்கக் கரையில் கூடிவிட்டது. கூட்டத்தின் ஓரத்தில் கிழவர் காத்தான் கைத்தடியோடு நின்றிருந்தார். குளக்கரை அம்மன் கோவிலுக்கு அவர்தான் பூசாரி, திருவிழாவில் அவர் மேல்தான் அம்மன் வருவாள்.

"சொல்லுங்கம்மா, ஆபீசர் முன்னால சொல்லுங்க. யாரு இந்தக் குளத்தைக் கெடுத்தது?" என்று அமிர்தலிங்கம் மைக் இல்லாத குறையாக முழங்கினார்.

"கண்டுபிடிச்சாச்சுங்க. இது ரத்தம் இல்ல, மஞ்சள். ஒரு ஆளு ஒரு மூட்டை மஞ்சத்தூளைத் தூக்கிட்டு வந்து, குடிக்கிற தண்ணின்னுகூடப் பார்க்காம இந்தக் குளத்துல கொட்டியிருக்காரு."

"கேட்டுக்குங்க சார்! கேட்டுக்குங்க!" அமிர்தலிங்கம் துள்ளினார். "யாரும்மா அவன்? பேரைச் சொல்லுங்க!"

"நீங்கதான்."

ஒரு தொண்டர் பழக்க தோஷத்தில் கைதட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்.

"குடவாசல் கடைத்தெருவுல மஞ்சள் மூட்டை வாங்கினது இவரு" என்று ஆனந்தவல்லி நிதானமாக அடுக்கினாள். "வண்டியிலேருந்து எறக்கினது இவரு. மூட்டையை அவுத்ததும் இவரு கைதான். ஊரு குடிக்கிற குளத்துல போயி கொட்டினாரா இல்லையான்னு கேளுங்க சார்."

"பொய்!" அமிர்தலிங்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. "அநியாயம்மா! குளத்துல நான் ஒரு பிடி போட்டிருப்பேனா? மூட்டை மஞ்சளையும் தொட்டியிலதான் கொட்டினேன்! என் தொட்டியிலதான்! இந்தப் பொம்பளைங்க பூராவும் பார்த்துக்கிட்டுத்தான் நின்னாளுங்க!"

"ஆமாங்க சார்" என்று அம்சம் முன்னால் வந்து கைகூப்பினாள். "மொதலாளி மேல அபாண்டமாப் பேசாதீங்க. தொட்டியிலதான் கொட்டினாரு. நாங்க எல்லாரும் சாட்சி."

"சத்தியமா தொட்டியிலதான்" என்றாள் ரெங்கம்மாள்.

"ஒரு குந்துமணி வெளியில சிந்தல" என்றாள் தங்கம்மாள்.

தனக்கு இவ்வளவு ஆதரவு இருப்பதைப் பார்த்து அமிர்தலிங்கம் ஒரு கணம் பெருமையாகத் தலையாட்டினார். நடராசன் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

"தொட்டித் தண்ணி உங்க காம்பவுண்டுக் குழியை விட்டு வெளியில போறதே இல்லேன்னு என்கிட்டச் சொன்னீங்களே?"

"ஆமா சார்."

"தொட்டியில கொட்டின மஞ்சள் குளத்துக்கு எப்படிங்க வந்துச்சு?"

தொட்டியில் போடவில்லை என்று அமிர்தலிங்கம் இனிச் சொல்ல முடியாது, போட்டதாகச் சொல்லியாகிவிட்டது. தெருவே சாட்சி சொல்லிவிட்டது. குளத்தில் போட்டேன் என்றால் அது தனி வழக்கு.

"எனக்கு வேற ஒரு சந்தேகங்க" என்று மீரா சாகிப் பணிவாகக் குனிந்தான். "ஒன்றியப் பகுத்தறிவு மன்றத் தலைவர் எதுக்கு ஒரு மூட்டை மஞ்சளைத் தொட்டியில கொட்டினாரு?"

தொண்டர்கள் எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் காத்தானைப் பார்த்தார். காத்தான் வானத்தைப் பார்த்தார்.

விஷயத்தை அம்சமே உடைத்தாள். தைத் திருவிழாவில் காத்தான் மேல் அம்மன் வந்திருக்கிறாள். கூட்டத்தில் முக்காடு போட்டுக்கொண்டு பின்வரிசையில் ஒருவர் நின்றிருக்கிறார். முக்காட்டுக்குள் இருப்பது யார் என்று ஊருக்கே தெரியும், வருடா வருடம் அவர் அப்படித்தான் வருவார். மேல்கோர்ட்டு வழக்கு ஜெயிக்குமா என்று அவர் கிசுகிசுக்க, புது நெல் ஊறும்போது உன் கையாலேயே ஒரு மூட்டை மஞ்சள் தொட்டியில் கொட்டு, கெட்டதெல்லாம் வெளியே வரும் என்று அம்மன் வாக்குக் கொடுத்திருக்கிறாள். கரையில் எழுந்த சிரிப்பில் மன்றத்துத் தொண்டர்களின் சிரிப்புதான் உரக்கக் கேட்டது.

"மண்வெட்டி எடுங்கப்பா" என்றார் நடராசன்.

அதற்காகவே காத்திருந்ததுபோல் தெரு முழுக்க மண்வெட்டியோடு இறங்கியது. மேற்கு மூலையிலிருந்து தூர்ந்துபோன பழைய வாய்க்கால் வழியாக மில் மதிலை நோக்கி வெட்டிக்கொண்டே போனார்கள். முழங்கால் ஆழத்தில் சிமெண்டுக் குழாய் தட்டுப்பட்டது. மூடியைப் பெயர்த்ததும் குப்பென்று வந்த நாற்றத்தில் நடராசன் கைக்குட்டையைத் தேடினார். மீரா சாகிப் அதை ஏற்கனவே தன் மூக்கில் வைத்திருந்தான்.

குழாயை அடைத்து, தொட்டிகளுக்குச் சீல் வைக்க அங்கேயே உத்தரவானது. குளத்தைப் பூட்டுகிற பேச்சே இல்லை. சிவந்த மூலையைச் சுற்றி ஆண்களும் பெண்களுமாக மண்ணணை போட்டுப் பிரித்து, அந்தத் தண்ணீரை மட்டும் இறைத்து வெளியேற்ற ஆரம்பித்தார்கள். மேலத்தெருவிலிருந்தும் சில பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். இருட்டில் வந்து மொண்டுபோன அவர்களுக்கும் அரித்திருக்கிறது, வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"உங்களைக் கூப்பிட்டதே நான்தானேம்மா!" என்று அமிர்தலிங்கம் ஆனந்தவல்லியிடம் வந்து பொருமினார்.

"யாரு கெடுத்ததுன்னு கண்டுபிடிச்சு நாலு பேரு முன்னால சொல்லச் சொன்னீங்க. சொல்லிட்டேன்" என்றாள் அவள்.

அமிர்தலிங்கம் விறுவிறுவென்று ஜீப்பை நோக்கி நடந்தார். அம்சம் இறைக்கும் வரிசையில் முதல் ஆளாக, இடுப்பளவுத் தண்ணீரில், யாரையோ வேகமாக இறைக்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க ஆனந்தவல்லிக்குச் சந்தோஷமாக இருந்தது.

மீரா சாகிப்புக்கு மட்டும் ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. கோவில் வாசலில் உட்கார்ந்திருந்த காத்தானிடம் போய்க் குந்தினான். வெற்றிலை மடித்துக் கொடுத்தான்.

"பெரியவரே, நமக்குள்ள இருக்கட்டும். அன்னிக்கு உங்க மேல வந்தது அம்மனா, அம்சமா?"

காத்தான் வெற்றிலையை நிதானமாக மென்றார். கோவிலுக்குள் இருந்த சிலையைத் திரும்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அம்மாதான் பாய் வந்தா. சத்தியமா அவதான். தினமும் இந்தக் குளத்துத் தண்ணியிலதானே அவளைக் குளிப்பாட்டுறேன். அவளுக்கு மட்டும் அரிக்காதா?"